'மூலம்தான்' என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

வயது 46. ஆறேழு மாதமாகக் காலையில் மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. போய் வந்தாலும் முழுதாகப் போன திருப்தி இல்லை. நடுவில் சில நாள் ரத்தம். தெரிந்த மருந்துக்கடைக்காரர் மூலம்தான் என்று மாத்திரையும் களிம்பும் கொடுத்தார், கொஞ்சம் பரவாயில்லை. வயிற்று ஸ்கேன் எடுத்தேன், நார்மல். கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டரிடம் போனால் குழாய் விட்டுப் பார்க்கணும் என்பார்கள், அது காசு பிடுங்கும் வேலை என்கிறார் மச்சான். போகலாமா, வேண்டாமா?

9 பிப்ரவரி, இரவு 9.50

போங்கள். மச்சானை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

மூலம் என்று சொன்னவர் பார்த்துச் சொன்னாரா? கடைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னதுதானே? ரத்தம் என்றதும் மூலம் என்று சொல்ல நம் ஊரில் படிப்பு எதுவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரே சொல்லும்.

ஸ்கேன் நார்மல் என்பதை வைத்தும் நிம்மதி அடைய வேண்டாம். ஜெல் தடவி மேலே உருட்டிப் பார்க்கும் ஸ்கேன் ஈரலுக்கும் பித்தப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. குடலில் காற்று இருக்கும், காற்றைத் தாண்டி அந்த ஒலி போகாது. உட்சுவரில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தொங்கினாலும் அதில் தெரியாது.

10 பிப்ரவரி, காலை

நேற்றுச் சுருக்கென்று எழுதிவிட்டேன். எங்கிருந்து அந்தக் கோபம் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி கமிஷன் மண்டி. 2020 கடைசியில் அவருக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கே தெரியாது. லோடு இறங்கும் நேரம் விடியற்காலை, சாப்பாடு கண்ட நேரத்தில், நாள் முழுக்க மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், அதனால் சூடு என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். முதலில் மருந்துக்கடை. அப்புறம் பக்கத்து ஊரில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று போர்டு மாட்டிய ஒரு கிளினிக். மோரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி, தடவ ஒரு களிம்பு, வாரம் ஒரு தடவை ஒரு ஊசி. எட்டு மாதம். கொரோனா இரண்டாம் அலை வேறு. பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயந்த காலம்.

மண்டி மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கணக்குப்பிள்ளைதான் முதலில் கவனித்தார். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.1. அதற்கும் ஒருவர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்து, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார். பேரீச்சம்பழத்தையும் சாப்பிட்டார் மனிதர், கிலோ கணக்கில்.

கடைசியில் கண்டுபிடித்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காய்ச்சல் ஊசி போடப் போன இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: "ஐம்பது வயசு ஆம்பளைக்கு ரத்தம் எப்படி இவ்வளவு குறையும்? எங்க போகுது?" கையுறை மாட்டி விரலால் பார்க்க இரண்டு நிமிடம். பார்த்ததும் மதுரைக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

மலக்குடலில் புற்றுக் கட்டி. ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உள்ளே. விரல் எட்டும் தூரம். எட்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது அவருக்கு 51 வயது. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. காய்கறி மண்டிக்காரர் வீட்டில் நார்ச்சத்துக்கா பஞ்சம்? இந்தப் பழக்கம் எதுவும் இல்லாதவருக்கும் நோய் வரும்.

10 பிப்ரவரி, மாலை

அண்ணன் எப்படி என்று கேட்டவர்களுக்கு: இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். தக்காளி விலையைத் திட்டிக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஐந்து வாரத்துக்கு மேல் கதிர்வீச்சும் கூடவே மாத்திரையும், அப்புறம் ஆபரேஷன். சில மாதம் மலம் சேர வயிற்றில் பை. பிறகு கீமோ, அதன் பிறகு பையை எடுத்துக் குடலைச் சேர்த்துத் தைத்தார்கள்.

பையைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தினார்கள். அண்ணன் பத்து நாளில் பழகிவிட்டார். அவரால் தாங்க முடியாமல் போனது குளிர்ச்சிதான். ஆக்சாலிபிளாட்டின் என்று ஒரு மருந்து. அது ஏறிய பிறகு சில நாளைக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஊசி குத்தும், பச்சைத்தண்ணீர் குடித்தால் தொண்டை பிடிக்கும். ஃப்ரிட்ஜைத் திறக்க உல்லன் கையுறை. ஒட்டன்சத்திரத்தில் உல்லன் கையுறை கிடைக்காமல் கொடைக்கானல் போய் வாங்கி வந்தேன்.

12 பிப்ரவரி

"எல்லாருக்கும் குழாய் விடச் சொல்கிறீர்களா? நீங்களும் ஆஸ்பத்திரி ஆளா?" என்று ஒருவர். இல்லை சார், நான் திண்டுக்கல்லில் பூட்டுக்கு உதிரி பாகம் விற்கிறவன்.

யோசித்துப் பார்த்தால் அந்த மச்சான் சொல்வதிலும் கால்வாசி உண்மை உண்டு. ஏப்பம் விட்டவனை எல்லாம் மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்க்கிற இடங்கள் இருக்கின்றன. இருபத்தைந்து வயதுப் பையன், பரீட்சை வந்தால் வயிற்றைக் கலக்கும், போனால் வலி அடங்கும், எடை குறையவில்லை, ரத்தம் இல்லை, தூக்கத்தில் எழுப்புவதில்லை என்றால் அது பெரும்பாலும் ஐ.பி.எஸ். (காக்கிச் சட்டை அல்ல, குடல் கோளாறு.) நல்ல டாக்டர் ஒன்றிரண்டு ரத்தப் பரிசோதனையோடு நிறுத்திக்கொண்டு அவனிடம் உட்கார்ந்து பேசுவார்.

வேறு ரகம் இது: ரத்தம் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, ராத்திரி தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, நாற்பத்தைந்து ஐம்பதுக்கு மேல் திடீரென்று மாறிய வழக்கம், ரத்த உறவில் யாருக்காவது குடல் புற்று. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும் இரும்புச்சத்துக் குறைந்தால், ரத்தம் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும். டானிக் கொடுப்பது ஓட்டை டேங்கில் தண்ணீர் ஊற்றுவது.

எல்லாமே புற்றாகவும் இருக்காது. அண்ணனோடு ஓபியில் பழகிய ஒரு பையனுக்கு எடை இருபது கிலோ போயிருந்தது. வீட்டில் அழுது தீர்த்துவிட்டார்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சதை எடுத்துப் பார்த்தால் குடல் காசநோய். ஆறு மாத மாத்திரை, இப்போது தொப்பை வைத்திருக்கிறான்.

15 பிப்ரவரி

எந்த டாக்டர் என்று குழப்பமாம். கேஸ்ட்ரோ என்று போட்ட பெயர்ப் பலகையில் எம்.டி.க்குப் பின்னால் டி.எம். என்று இருந்தால் மருந்து, எண்டோஸ்கோபி பார்க்கிற கேஸ்ட்ரோ. எம்.எஸ்.ஸும் எம்.சிஎச்.சும் என்றால் ஆபரேஷன் செய்கிறவர். முதலில் முன்னவர். வெறுமனே 'மூலம் ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருந்தால் பின்னால் என்ன படிப்பு எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, மதுரையில் ராஜாஜி, எல்லாவற்றிலும் இதற்கென்று துறை உண்டு. கூட்டம் இருக்கும், விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலையில் காபிக்கு முன்னால் தானாகவே ஒரு பான் 40 (அசிடிட்டி மாத்திரை) போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

போர்டு என்றதும் ஞாபகம். எங்கள் தெருமுனையில் ஒரு சுவரில் பாதி 'மூலம்', பாதி சினிமா போஸ்டர். போஸ்டரை ஒட்ட ஒட்ட மூலம் மேலே ஏறி இப்போது முதல் மாடி உயரத்துக்கு வந்துவிட்டது.

16 பிப்ரவரி

குழாயே வேண்டாம், மலத்தைப் பரிசோதித்தால் போதாதா என்று கேட்ட அக்காவுக்கு: உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். மூன்று நாளைக்கு முன்பிருந்தே ஆட்டுக்கறி, பீட்ரூட் எதுவும் சாப்பிடக் கூடாது. நெகட்டிவ் என்றால் கவலை இல்லை.

17 பிப்ரவரி

மேலே நான் எழுதியதில் இரண்டு தப்பு. லேப் வேலை பார்க்கும் ஒரு நண்பர் தனியாக அழைத்துத் திட்டினார்.

ஒன்று, பத்தியம் பழைய டெஸ்டுக்கு. இப்போதைய எஃப்.ஐ.டி. என்கிற டெஸ்ட் மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும். ஆட்டுக்கறி தின்றாலும் ஆட்டு ரத்தத்தை அது கண்டுகொள்ளாது. பீட்ரூட் பொரியல் தின்றுவிட்டு மறுநாள் கழிவறையில் அலறுவது வேறு கதை. அதை நானே செய்திருக்கிறேன்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. 'நெகட்டிவ் என்றால் கவலை இல்லை' என்று எழுதியிருக்கவே கூடாது. அந்த டெஸ்ட் முக்கியமாக எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைச் சலித்தெடுக்க, அதுவும் ஒரு தடவையோடு நிறுத்தாமல் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பிரயோஜனம். கண்ணாலேயே ரத்தத்தைப் பார்த்தவர், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று தேடுவதில் என்ன அர்த்தம்? அவர் நேராக டாக்டரிடம் போக வேண்டும். பாசிட்டிவ் வந்தால் எப்படியும் கொலனோஸ்கோபிதான் (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது), திரும்ப ஒரு தடவை எஃப்.ஐ.டி. செய்து பார்ப்பது இல்லை.

கூடவே அவர் சொன்னது: மாஸ்டர் செக்கப் பட்டியலில் சி.இ.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கும். 'கேன்சர் டெஸ்ட்' என்று ஆசை காட்டுவார்கள். நோய் தெரிந்தவருக்குச் சிகிச்சையைப் பின்தொடர அது உதவும். புதிதாகக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது.

2 மார்ச்

"45 வயதானால் எல்லாரும் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும்" என்று ஒருவர் சட்டம் மாதிரி எழுதியிருக்கிறார். அது அமெரிக்கக் கணக்கு. அங்கே 50 ஆக இருந்ததை 2021ல் 45க்கு இறக்கினார்கள், இளம் வயதில் வருவது கூடியதால். சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து வருடா வருடம் எஃப்.ஐ.டி. நம் நாட்டில் அரசு ஊர் ஊராகச் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்குத்தான். பெருங்குடல் அதில் இல்லை. நம்மிடம் இந்த நோய் அங்கே அளவுக்கு இல்லை என்பது காரணம். இல்லவே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வருகிறவர்களில் நாற்பதைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். ஆக, 'எல்லாரும்' என்பதை நான் சொல்ல மாட்டேன். ரத்தம் கண்டவரும் குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவரும் கட்டாயம்.

இன்னொரு நண்பர் 2022ல் வந்த நார்டிக் ஆய்வை (ஐரோப்பாவில் ஒரு பகுதி ஆட்களை மட்டும் கொலனோஸ்கோபிக்கு அழைத்து, அழைக்காதவர்களோடு ஒப்பிட்டது) தூக்கிக்கொண்டு வந்து 'பாருங்கள், பெரிய பலன் இல்லை' என்கிறார். முழுக்கப் படியுங்கள் சார். கொலனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம்தான். வராதவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டே பத்து வருடத்தில் நோய் வந்தவர்கள் அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதம், அழைக்கப்பட்டவர்களில் 0.98. கல்யாணத்துக்கு வராதவன் சாப்பாடு சரியில்லை என்று சொன்ன கதையாக இருக்கிறது. ஆனால் ஒன்று, எல்லாரையும் கூப்பிட்டுச் செய்தால் கிடைக்கும் லாபம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக அலைந்ததற்குப் பின்னால் அவர் தங்கையின் சாவு இருக்கிறது. அந்தத் தங்கைக்கு வந்ததும் மலக்குடல் புற்றுதான். கூடப் பிறந்தவளுக்கு வந்ததை ஊருக்குச் சொல்ல அந்தக் காலத்திலேயே ஒருவருக்கு வாய் வந்தது.

6 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்துவிட்டார்! பார்த்துவிட்டாராம். டாக்டர் முதலில் அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டிருக்கிறார், மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார், விரலால் பார்த்திருக்கிறார், வயதையும் மாறிய வழக்கத்தையும் வைத்துக் கொலனோஸ்கோபியும் செய்திருக்கிறார். முடிவு: ரத்தம் மூலத்திலிருந்துதான். ரப்பர் வளையம் போட்டு விட்டார்கள். கட்டி, பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை மொட்டு) எதுவும் இல்லை.

காலையில் நான்கு முறை போனது? இங்கே கேள்வி கேட்டபோது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆரம்பித்துச் சரியாக ஏழு மாதம். சிலருக்கு அது வயிற்றைக் கலக்கும். மெதுவாகக் கரையும் ரகத்துக்கு மாற்றியதும் ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது.

மச்சான், "நான்தான் அப்பவே மூலம்னு சொன்னேனே" என்கிறாராம். சொல்லட்டும். குருட்டாம்போக்கில் எறிந்த கல்லும் சில நேரம் மாங்காயில் படும். இப்போது பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

6 ஏப்ரல், இரவு

அவரே கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறார். "உங்க அண்ணனுக்கு வந்துதே, நீங்க பார்த்துட்டீங்களா சார்?"

9 ஏப்ரல்

மூன்று நாளாக இந்தப் பக்கமே வரவில்லை.

பார்க்கவில்லை. 2021ல் மதுரை டாக்டர் தெளிவாகச் சொன்னார்: கூடப் பிறந்தவர்கள் 40 வயதிலோ, அண்ணனுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். அண்ணனுக்கு 51, பத்து கழித்தால் 41. அப்படியானால் 40. எனக்கு அன்றைக்கே 43. 'சரிங்க டாக்டர்' என்று தலையாட்டினேன். இப்போது 47.

பயமா என்றால் வலிக்குப் பயமில்லை. வெட்கமும் கொஞ்சம்தான். அண்ணன் படுத்திருந்த அதே வராந்தாவில் பச்சை கவுன் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்று தோன்றியது. இரண்டு மாதமாக ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறேன்.

21 ஜூலை

தேதி வாங்கிவிட்டேன், 30ஆம் தேதி. ஆடி மாதத்தில் ஆஸ்பத்திரி வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றார் அம்மா. நானும் ஒரு நிமிடம் 'சரிதானே' என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்கு போன்கூடப் போட்டுவிட்டேன். ரிசப்ஷன் பெண் "ஆடியில கூட்டம் கம்மி சார், டாக்டர் பொறுமையா பார்ப்பாங்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

காசு விவரம் கேட்டவர்களுக்கு: மயக்க ஊசியும் சேர்த்து 9,500 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். பாலிப் எடுத்தால், பயாப்ஸிக்கு அனுப்பினால் தனி. மருத்துவக் காப்பீட்டில் வெறும் பரிசோதனைக்காகப் படுத்தால் பெரும்பாலும் தர மாட்டார்கள். பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள், பில் கவுண்டரில் சண்டை போட வேண்டாம்.

29 ஜூலை, பிற்பகல்

இரண்டு நாளாகக் கீரை, கொய்யா, தக்காளி விதை, சிறுதானியம் எதுவும் இல்லை. இட்லி, வெள்ளைச் சோறு, மோர். இன்று மதியத்திலிருந்து தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத காபி. சிவப்பாக எதுவும் குடிக்கக் கூடாது, குடலுக்குள் ரத்தம் மாதிரித் தெரியுமாம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எகோஸ்பிரின், க்ளோபிலெட் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டுத்தான். சர்க்கரை மாத்திரையும் அப்படியே, பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடும்.

29 ஜூலை, இரவு 7.20

குடலைக் கழுவும் பெக்லெக் பொடி ஒரு பாக்கெட், இரண்டு லிட்டர் தண்ணீர். பாதி இப்போது, பாதி விடியற்காலை. முதல் டம்ளர் உள்ளே போய்விட்டது. சோப்புத் தண்ணீரில் உப்புப் போட்டு எலுமிச்சை பிழிந்த மாதிரி. ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தால் பரவாயில்லை என்று அண்ணன் சொன்னார். இன்று ஃப்ரிட்ஜ் தண்ணீரைப் பற்றி அவர் பேசுகிறார்!

இரவு 8.35

ஒன்றும் ஆகவில்லை. பாக்கெட் டூப்ளிகேட்டோ?

8.50

இல்லை.

விடியற்காலை 5.10

மறுபாதியும் முடிந்தது. இப்போது போவது வெறும் மஞ்சள் தண்ணீர், அடி தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். கீழே படிந்த மண்டியாக இருந்தால் டாக்டரால் பார்க்க முடியாது, திரும்ப வரச் சொல்வார்கள். ராத்திரியே முழுக்கக் குடித்து முடிப்பதைவிட இப்படிப் பிரித்துக் குடித்தால்தான் குடல் சுத்தமாகும். வீட்டில் ஒரே கழிவறை என்றால் மற்றவர்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

31 ஜூலை

பச்சை கவுன் போட்டேன். அதே வராந்தா. அண்ணன் கூட வந்து உட்கார்ந்திருந்தார். தனியாக விட மாட்டார்கள், துணை வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. "உனக்கு அடுத்த சேர்லதான்டா நான் உட்கார்ந்திருந்தேன்" என்றார், ரயிலில் சீட்டுக் காட்டுகிற மாதிரி. அவ்வளவுதான் பேசினோம்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். ஊசியில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து. எண்ணச் சொன்னார்கள், நான்கு வரை ஞாபகம். விழித்தபோது வயிறு உப்பி இருந்தது, உள்ளே ஊதிய காற்று. வெளியே விடுங்கள், வெட்கப்படாதீர்கள் என்றார் நர்ஸ். அந்த ஹாலில் வரிசையாகப் படுத்திருந்த ஆறு பேரும் வெட்கப்படவில்லை.

ரிப்போர்ட்டில் கவனித்துப் பாருங்கள் என்று லேப் நண்பர் சொல்லியிருந்தார்: பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனார்களா, குடல் சுத்தமாக இருந்ததா, திரும்ப வெளியே இழுத்து வரும்போது எவ்வளவு நேரம் பார்த்தார்கள். குறைந்தது ஆறு நிமிடமாவது பார்க்க வேண்டும் என்பது கணக்கு. எனக்குப் பதினொன்று.

இரண்டு பாலிப். ஒன்று 6 மில்லிமீட்டர், பெருங்குடலின் மேல்பக்கத்தில். இன்னொன்று 3, மலக்குடலில். இரண்டையும் அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். வலியே தெரியவில்லை. இதை முதன்முதலில் 1969ல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் செய்தார்கள். அதற்கு முன்னால் அவ்வளவு உள்ளே இருப்பதை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டும்.

பயாப்ஸி வர ஒரு வாரம் ஆகும்.

3 ஆகஸ்ட்

ஆடிப் பெருக்கு. சித்ரான்னம் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

8 ஆகஸ்ட்

வந்துவிட்டது. மலக்குடலில் இருந்தது சாதாரணம், ஒன்றும் ஆகாத வகை. ஆறு மில்லிமீட்டர் அடினோமா. புற்று இல்லை. ஆனால் விட்டு வைத்தால் ஆகக்கூடிய வகை. எல்லா அடினோமாவும் ஆகாது. ஆகிறதும் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். என்னுடையது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது, இனி அதற்கே தெரியாது. ஃபார்மலின் பாட்டிலில் கிடக்கிறது.

43ல் போயிருந்தால் இது இருந்திருக்காதோ, இல்லை, அப்போது சுத்தமாக இருந்து அந்தத் தைரியத்தில் இன்னும் தள்ளிப்போட்டிருப்பேனோ? ராத்திரி இரண்டு மணிக்கு இப்படியெல்லாம் ஓடுகிறது.

10 ஆகஸ்ட்

ஒரு திருத்தம். பிப்ரவரியில் ஒருவருக்குத் தனிச்செய்தியில் 'ஒரு தடவை பார்த்தால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை' என்று சொன்னேன், அவர் அதை இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் நார்மலாகவும், குடல் சுத்தமாகவும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் இருந்தால்தான் அந்தப் பத்து. எனக்கு ஐந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 2030 ஜூலை. ஆடியாகத்தான் இருக்கும்.

ஓட்டை விழாதா என்று பயந்தவருக்கு: விழலாம், ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு. அன்று ராத்திரி வயிறு கல் மாதிரி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கொட்டினாலோ உடனே திரும்பப் போக வேண்டும். சும்மா இருந்து பார்ப்போம் என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

28 செப்டம்பர்

தங்கச்சிக்கு 44. திருப்பூரில் இருக்கிறாள். அவளுக்கும் அதே 40 கணக்குத்தான். போன் போட்டேன். "தீபாவளி ஆர்டர் முடியட்டும்ணா" என்றாள். ஆடி முடியட்டும் என்று நினைத்த வாய் இது, என்ன பதில் சொல்வேன். அண்ணனிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அவர் மூன்று நிமிடம் தக்காளி விலை பேசினார், கடைசியில் "டேட் வாங்கிட்டு எனக்குச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

14 நவம்பர்

நேற்று ராத்திரி 9.15க்கு தங்கச்சியிடமிருந்து செய்தி: "ஃப்ரிட்ஜில வெச்சாலும் அதே சோப்புத் தண்ணிதான்ணா."